முன்வரிசைத் தலையாட்டி

ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் எங்கள் காலனிக் கோயிலில் உபன்யாசம் என்றால் முன்வரிசையில் நான் இருப்பேன். பக்தி என்று நினைக்க வேண்டாம். மின்விசிறி அங்கேதான் இருக்கிறது. அந்தக் காற்றுக்கு நன்றியாக, உபன்யாசகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன்.

சென்ற மாதம் அவர், "ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது மகாபாவம். பெற்றவர்களுக்கும் நரகம்தான்" என்றார். என் தலை வழக்கம்போல் ஆடியது. பக்கத்திலிருந்த நண்பர் கோபாலன் எழுந்து போய்விட்டார். அவர் மகன் பெங்களூரில் இன்னொரு பையனோடு குடும்பம் நடத்துகிறான். காலனியில் என்னிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தார்.

இத்தனை வருட நட்பு போயிற்று என்று பயந்து, மறுநாள் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"அந்த மனுஷனை விடு. நீ ஏன்டா இந்த ஊர்க்காரன் ஆமாம் போடற மாதிரி ஹவ், ஹவ்னு தலையாட்டினே?"

"சத்தியமா நான் கேக்கவே இல்லைடா."

"கேக்காமயே என்னை நரகத்துக்கு அனுப்பினியா?" என்றவர், தன்னை மீறிச் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் உபன்யாசகரைத் தனியே பார்த்து, "அந்தப் பெற்றவர்கள் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றேன். "யோசிக்கிறேன்" என்றார் அவர்.

இப்போதெல்லாம் காதில் வாங்கிய பிறகே தலையாட்டுகிறேன். கழுத்துக்கும் ஓய்வு. தீபாவளிக்குக் கோபாலன் வீட்டுக்குப் பெங்களூர்ப் பிள்ளைகள் இருவரும் வருகிறார்களாம்.

"காலையிலேயே வந்துடுடா. உன் தலைக்கு அன்னிக்கு வேலை இருக்கு" என்று கோபாலன் சொல்லியிருக்கிறார்.