இரண்டு வெஸ்ட்

1. கரும்பலகை

சிட்னியில் நான் படிப்பித்த முதல் நாள், நான் கரும்பலகையில் எழுதியதை வகுப்பில் ஒரு பிள்ளையாலும் வாசிக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பல வருடம் இங்கிலிஷ் படிப்பித்துவிட்டு, எஞ்சினியரான கணவரோடு வந்திருந்தேன். ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் இருந்தோம். லிட்கம் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் எனக்கு இரண்டாம் வகுப்பு கிடைத்தது. முதல் வருடம் தற்காலிகம். வேலை திருப்தி என்றால்தான் நிரந்தரம். புஷ்பராணி என்ற பெயர் அங்கே யாருக்கும் வாயில் வரவில்லை. 'மிஸிஸ் ராணி' ஆக்கிவிட்டார்கள்.

என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு. ஊரில் பரிசளிப்பு விழா வந்தால் சான்றிதழ்களில் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று காலை நேரத்தோடு போய், வளைவும் சுழியுமாக, சாய்வு பிசகாமல், பலகை நிறைய எழுதிவைத்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் வந்து இருந்து பலகையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் தவிட்டு நிறத் தலைமயிரோடு இருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். பெயர் கெரி.

"மிஸ், இது உங்கட ஊர் எழுத்தோ?"

அங்கே எல்லோரும் பேசியது இங்கிலிஷ்தான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் எங்களுடைய தமிழிலேயே நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

கெரி நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறியக் கேட்டாள். நான் பதில் சொல்ல முன், கதவடியில் நின்ற மிஸ் பார்ட்லெட் உள்ளே வந்தார். அவர் இன்ஃபன்ட்ஸ் மிஸ்ட்ரஸ். அதாவது சின்ன வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பானவர். டஸ்டரை எடுத்து, நான் எழுதியதை மேலிருந்து கீழாகத் துடைத்தார். வெண்கட்டித் தூள் என் சேலையில் விழுந்தது.

"இந்தப் பிள்ளையள் இப்பதான் எழுத்தைச் சேர்த்து எழுதப் பழகுதுகள், மிஸிஸ் ராணி. இது கலியாணக் கார்டில எழுதிற எழுத்து."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அங்கே பிள்ளைகள் முதலில் அச்செழுத்துப் பழகி, பிறகு அதே எழுத்துகளைச் சின்ன வால்களால் கோத்து எழுதுவார்கள். அதற்கு 'ரன்னிங் ரைட்டிங்' என்று பெயர். சுழி கிடையாது, அலங்காரம் கிடையாது. சனி ஞாயிறில் நான் குசினி மேசையில் இருந்து ஒற்றை ரூல் கொப்பியில் அதை எழுதி எழுதிப் பழகினேன். கை பழைய வழிக்கே ஓடும். 'எஃப்' எழுதும்போது என்னை அறியாமல் ஒரு சுழி விழுந்துவிடும். அழிறப்பரால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன்.

"என்ன, நீர் திரும்பவும் அரிவரி வகுப்போ?" என்று இவர், என் கணவர், கேட்டுச் சிரித்தார். பகிடிதான். எனக்குச் சுட்டது.

2. டிக்டேஷன்

கையெழுத்தைத் திருத்திவிட்டேன். நாக்கைத் திருத்துவது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் டிக்டேஷன். அந்த வாரச் சொற்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளைகள் எழுதவேண்டும். ஒரு வெள்ளி, உள்ளே போடும் பெனியனைக் குறிக்கிற 'வெஸ்ட்' வந்தது. மேற்குத் திசையைக் குறிக்கிற 'வெஸ்ட்' வேறு சொல். அது 'டபிள்யூ'வில் தொடங்கும். பெனியன் 'வீ'யில் தொடங்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் வாயிலும் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அது அதுவரை எனக்குத் தெரியாது.

வகுப்பில் பாதிப்பேர் மேற்குத் திசையை எழுதியிருந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன்.

திங்கள் காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, கெரியின் தாய் மிஸிஸ் டொயில் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு ஃபக்டரி கன்ரீனில் வேலை செய்பவர். ஏப்ரனோடேயே வந்திருந்தார். மற்றத் தாய்மார் குறை என்றால் ஒரு துண்டு எழுதிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். இவர் எதற்கும் நேரேதான் வருவார்.

"என்ர பிள்ளை முழுக் கிழமையும் இருந்து பாடமாக்கினவள். முதல் தரமா எல்லாம் சரியா வந்திருக்கும். நீ 'வெஸ்ட்' எண்டு சொல்லித்தானே அவள் 'வெஸ்ட்' எழுதினவள்? பிழை உன்ர வாயில. என்ர பிள்ளைக்கு ஏன் பிழை போட்டனீ?"

முற்றம் முழுக்கக் கேட்டது. கெரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் சரியாத்தான் சொன்னனான்" என்றேன். "வெஸ்ட்."

"பார்! திரும்பவும் அதையே சொல்லுறாய்!"

வரிசையில் யாரோ என்னைப் போலச் சொல்லிக் காட்டினார்கள். பிறகு இன்னொருவர். என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அன்று பின்னேரம் மிஸ் பார்ட்லெட் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கோபப்படவில்லை. "இனி டிக்டேஷனும் சவுண்ட்ஸும் மிஸ் கோல் வந்து உங்கட வகுப்புக்குச் செய்வா. நீங்கள் பின்னால இருந்து கேளுங்கோ. கையெழுத்தும் கணக்கும் நீங்கள் செய்யலாம். வருட முடிவில பாப்பம்."

மிஸ் கோல் கொலேஜிலிருந்து அந்த வருடம்தான் வெளியே வந்த பெண். அடுத்த நாள் தொடக்கம் நான் பின்வரிசையில் ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் மடித்து இருந்தேன். 'வீ' என்றால் மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். 'டபிள்யூ' என்றால் மெழுகுதிரி ஊதுவதுபோல் உதடு குவியவேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி பிடித்து வாயைப் பார்த்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

வீட்டில் இவருக்கு இதைச் சொல்லவில்லை. அந்த ஞாயிறு, பக்கத்து ரோட்டில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் சாப்பாடு. இவர் எல்லோருக்கும் முன்னால், "இவ இஞ்ச வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கே இங்கிலிஷ் படிப்பிக்கிறா" என்றார். "அப்பிடியே!" என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் குசினிக்குள் போய் நின்றேன். முற்றத்தில் பட்ட வெட்கத்தைவிட அது பெரிதாக இருந்தது.

3. விறாந்தை

பாடசாலையின் இரண்டாம் தவணையில் மிஸ் பார்ட்லெட் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். வசதிப்பட்ட தாய்மார் காலையில் வந்து, விறாந்தையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கவிட்டுக் கேட்கவேண்டும். மிஸ் கோல் உள்ளே பாடம் நடத்தும் நேரம் எனக்கு வேலை இல்லை என்பதால், தாய்மாரைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

கெரி தன் தாயையும் கூப்பிடவேண்டும் என்று அடம்பிடித்தாள். "எல்லாற்ற அம்மாவும் வருகினம்." மிஸிஸ் டொயில் வந்தார். என்னை வேவு பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். காலை வணக்கம் சொல்லும்போதுகூட 'வீ'யும் 'டபிள்யூ'வும் வராத வார்த்தைகளாகத் தேடிப் பேசினேன்.

அவரிடம் வாசிக்கும் பிள்ளைகள் எல்லோரும் வேகமாக முடித்துவிட்டு ஓடினார்கள். "நல்லம் செல்லம், மற்றப் பக்கம்", "கெட்டிக்காரி, மற்றப் பக்கம்." அவருக்கு எவ்வளவு பொறுமை என்று முதலில் வியந்தேன். ஒரு நாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு பையன் படத்தைப் பார்த்து, புத்தகத்தில் இல்லாத கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். "நல்லம் செல்லம்" என்றார் மிஸிஸ் டொயில். கவனமில்லை போலும் என்று நினைத்தேன்.

அடுத்து எலேனி என்ற கிரேக்கப் பிள்ளை வந்தது. எதையும் சும்மா விடாத பிள்ளை. கடற்கரைக் கதை ஒன்றில் ஒரு சொல்லில் நின்றுவிட்டது.

"இது என்ன சொல்?"

"உனக்குத் தெரியும் செல்லம். இன்னொருக்காப் பார்."

"தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ."

மிஸிஸ் டொயில் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. "கண்ணாடியை வீட்டில விட்டுட்டு வந்திட்டன்" என்றார்.

"அப்ப மிஸிஸ் ராணி சொல்லட்டும்" என்று எலேனி புத்தகத்தை என் பக்கம் திருப்பியது.

சொல் 'வேவ்'. கடல் அலை. தொடக்கத்தில் 'டபிள்யூ' ஒலி, முடிவில் 'வீ' ஒலி. என் இரண்டு எதிரிகளும் ஒரே சொல்லில்.

நான் வாய் திறக்கவில்லை. மிஸிஸ் டொயிலும் வாய் திறக்கவில்லை. ஒருத்திக்கு அதை வாசிக்கத் தெரியாது, மற்றவளுக்கு அதைச் சொல்லத் தெரியாது. நடுவில் ஏழு வயதுப் பிள்ளை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: இந்த மனுசியிடம் கண்ணாடி என்று ஒன்று இல்லை.

உதட்டைக் குவித்தேன். பிறகு பல்லை உதட்டில் வைத்தேன். மெதுவாகச் சொன்னேன். சரியாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. மிஸிஸ் டொயில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏன் அவ்வளவு பாடுபட்டேன் என்பது அவருக்கு விளங்கியிருக்கும். அவர் ஏன் சிவந்தார் என்பது எனக்கு விளங்கியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பைகளைக் கொழுவித் தொங்கவிடும் இடத்தில் என்னை மறித்தார். "கெரிக்குச் சொல்லிப்போடாதே" என்றார். அவ்வளவுதான். முற்றத்தில் கத்திய குரல் அல்ல அது.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வரவில்லை. கெரி என்னிடம் வந்து, "நீங்கள் என்ர அம்மாவை ஏசினீங்களோ?" என்று கேட்டாள். மிஸ் பார்ட்லெட்டும் கேட்டார். "அவவோட உங்களுக்கு முந்தியும் ஒரு பிரச்சினை இருந்தது, மிஸிஸ் ராணி. நீங்கள் ஏதும் சொன்னீங்களோ?"

ஒரு வசனம் சொன்னால் போதும். நாக்கு நுனியில் நின்றது. என் வேலையும் அதிலேதான் நின்றது. முற்றத்தில் என்னைக் கூசவைத்த மனுசி. ஆனால் "கெரிக்குச் சொல்லிப்போடாதே" என்ற அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் போய் நின்றபோது என்னிடம் இருந்ததும் அதுதான்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

4. குசினி மேசை

பிறகு ஒரு பின்னேரம் மிஸிஸ் டொயில் லிட்கம் ஸ்டேஷனில், பிளட்ஃபோம் மரவாங்கில் அமர்ந்து எனக்காகக் காத்திருந்தார்.

"அந்த ரன்னிங் ரைட்டிங் எனக்கும் பழக்கிவிடுவியோ? கெரிக்கு உதவி செய்யத்தான்" என்றார்.

"ஓம்" என்றேன். நாங்கள் இருவருமே அதை நம்புவதுபோல் நடித்தோம்.

கிழமையில் இரண்டு பின்னேரம் எங்கள் பிளாட்டுக்கு வந்தார். பெயரை மட்டும் எழுதுவார். அதுவும் எழுதுவது அல்ல, படம் கீறுவது. தகப்பன் ரோட்டு வேலைக்காக ஊர் ஊராகப் போனவராம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு வருடம் நிலைக்கவில்லை. "எழும்பி வாசி எண்டா நான் குரங்குச் சேட்டை விடுவன். வெளியில அனுப்புவினம். வெளியில நிக்கிறது நல்லம், மற்றவை சிரிக்கேக்க உள்ள நிக்கிறதிலும் பாக்க."

நான் அவருக்கு எழுத்துக் காட்டினேன். அவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். இரக்கமே இல்லை. "இல்லை. திரும்ப. பல்லு எங்க?" ஒரு நாள் இவர் வேலை முடிந்து வர, நாங்கள் இரண்டு பெண்களும் மேசையில் எதிரெதிரே இருந்து ஒருத்தியின் வாயை மற்றவள் பார்த்துக்கொண்டு 'வெஸ்ட், வெஸ்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மிஸிஸ் டொயில் போனபிறகு இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசைக் கதிரை வரைக்கும்.

இவர் மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "நான் அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால அப்பிடிச் சொன்னது உமக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் தேத்தண்ணி போடப் போனார்.

மிஸிஸ் டொயில் பெரிதாக ஒன்றும் முன்னேறிவிடவில்லை. வேலைக்களைப்பு. சில நாள் வரமாட்டார். வந்தால் போன கிழமை படித்தது மறந்திருக்கும். கொப்பியை ஒரு தரம் தூக்கி எறிந்தும் இருக்கிறார். ஆனால் ஒரு நாள் யாரும் கேட்காமல் பாடசாலைக்கு வந்து, மிஸ் பார்ட்லெட்டிடம், "டிக்டேஷனை அவவிட்டயே குடுங்கோ. இப்ப அவ சரியாச் சொல்லுறா. எனக்குத் தெரியும்" என்றாராம். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. நான்காம் மாதத்தில் பறிபோன டிக்டேஷன் மூன்றாம் தவணையில் திரும்பி வந்தது. வருட முடிவில் வேலையும் நிரந்தரமானது.

அந்த வருடத்தின் கடைசி நாட்களில் மிஸிஸ் டொயில் மீண்டும் விறாந்தைக்கு வந்தார். அன்று கெரியின் முறை. கெரி புத்தகத்தைத் திறந்தாள். "இண்டைக்கு நான் வாசிக்கிறன், நீ கேள்" என்றார் தாய்.

விரலை வைத்து வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கி. பக்கத்தில் இருந்த மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வரியில் ஒரு சொல்லில் நின்றுபோனார். கழுத்தில் அதே சிவப்பு ஏறியது. எனக்கு எழுந்து உள்ளே போய்விடவேண்டும்போல் இருந்தது. அந்த வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

கெரி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து நெருங்கி இருந்து, சொல்லின் பின்பாதியைத் தன் விரலால் மூடினாள். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி அது.

"முதல் இதைச் சொல்லுங்கோ அம்மா. மிச்சம் பிறகு."

மிஸிஸ் டொயில் முதல் பாதியைச் சொன்னார். புத்தகத்தை மூடவில்லை.

அதற்குப் பிறகு பல வருடம் படிப்பித்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாசிக்கத் தெரியாத பிள்ளையை எழுப்பி நிற்கவைக்காதீர்கள். பக்கத்தில் போய் இருங்கள். வெட்கம் ஒருவருக்கும் ஓர் எழுத்தும் படிப்பித்ததில்லை. ஒளிக்கத்தான் படிப்பிக்கும். அந்தப் பாடத்தை மட்டும் யாரும் மறப்பதில்லை.