'கடுமை' என்ற கட்டம்

மதுரையிலிருந்து வெளிநாடு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய புதிதில், லிஃப்டில் பார்க்கும் ஆன்டி ஒருவர் தினமும் "பசியாறியாச்சா?" என்று கேட்பார். பட்டினி கிடப்பவள் போலவா தெரிகிறேன் என்று கூசும். இங்கே பசியாறுவது என்றால் காலை உணவு என்று புரிய ஒரு மாதமானது. தமிழை நம்பி வேலைக்கு வந்தவள் நான். வைரஸ் காய்ச்சலின் அறிகுறிகளை நோயாளிகளே குறிக்கும் ஆங்கில வினாத்தாளைத் தமிழாக்கி, அது சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதுதான் என் வேலை.

மதுரையில் படித்தபோது, நான் பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உச்சி முதல் உள்ளங்கால்வரை வலியைக் கேட்காமலே சொல்வார்கள். நிறுத்துவதுதான் சிரமம். இப்போது ஆய்வு நடக்கும் கிள்ளான் கிளினிக்கில், எதைக் கேட்டாலும் எல்லோரும் "ஓகே லா" என்றார்கள்.

சரசு அக்கா தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை செய்பவர். மூன்று நாள் காய்ச்சலோடு, சுவரில் சாய்ந்துகொண்டே உடல்வலி, சோர்வு எல்லாவற்றுக்கும், 'கடுமை' வரை கட்டங்கள் இருந்தும், 'சிறிதளவு' என்றே குறித்தார். ஏன் என்று கேட்டேன்.

"நேத்துகூட வேலைக்குப் போனேன் மிஸ். வேலைக்குப் போக முடிஞ்சா அது எப்படிக் கடுமையாவும்?"

அன்று மதியமே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்கு. எங்கள் வினாத்தாளின் மதிப்பெண்படி அவருக்கு லேசான நோய்.

ஆய்வுத் தலைவரிடம் ஓடினேன். 'முடியாமல் இருந்தும் என்னென்ன வேலை செய்தீர்கள்?' என்று ஒரு கேள்வி சேர்க்கலாம் என்றேன். ஆங்கில மூலம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது, தமிழுக்காக மாற்ற முடியாது, ஒருவருடைய பதில்தானே என்றார். அந்த வாரம் அதையே சொன்ன மற்ற நோயாளிகளைப் பற்றிய என் குறிப்புகளை நீட்டினேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று மூடிவைத்தார்.

உடம்பு தேறிவந்த சரசு அக்காவை வார்டில் பார்த்தேன். அந்த நாட்களுக்கு இப்போது எதைக் குறிப்பீர்கள் என்று கேட்டேன்.

"அதேதான். லீவு போட முடியாதப்ப கடுமைன்னு எழுதி என்ன செய்றது?" பிறகு அவரே கேட்டார்: "உங்க ஊர்ல இருக்கவங்க கடுமைன்னு போடுவாங்களா?"

மதுரையில் நான் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரிவரை வர முடிந்தவர்களைத்தான். வேலையை விட்டு வர முடியாதவர்களை அங்கேயும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் என் கையெழுத்துக்காக மொழிபெயர்ப்புச் சான்றிதழ் வந்தது. இம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவள் என்ற முறையில், இவ்வினாத்தாள் இங்குள்ள மக்களுக்கு எளிதில் புரியும் என்று நான் உறுதியளிக்க வேண்டும். 'தாய்மொழி' என்ற சொல்வரை தயங்காமல் படித்தேன். 'இங்குள்ள மக்கள்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கிள்ளான் ரயிலில் அந்தத் தாள் மடியில் கிடக்கிறது. கையெழுத்துக்கான கோடு இன்னும் காலியாகவே இருக்கிறது.