பால் சங்கத்து வரிசையில் நூல்கள்

என் தங்கையார் மறைந்து ஓராண்டு நிறைகின்றது. அவர்தம் நற்பண்புகளை உறவினர் பலர் இந்நினைவு மலரில் எழுதியுள்ளனர். எங்கள் ஊர் நூலகம் மூடப்பெற்றது ஏன் என்பதை நான்தான் எழுதவேண்டும். "அந்தம்மா ஒழுங்கா பாத்துக்கல" என்று இன்றும் சொல்வோர் உளர். அப்பழி அவருக்குரியதன்று.

மதுராந்தகம் ஏரியை அடுத்த எங்கள் சிற்றூரில் பிறந்த தங்கையார், செங்கற்பட்டில் வாழ்க்கைப்பட்டார். கணவரை இழந்து, பள்ளி செல்லும் மகனோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறந்தகம் மீண்டார். அக்காலத்தில்தான் ஊரார் நூல்களைத் திரட்டி, ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய அறையில் நூலகம் கண்டனர். ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் குழுத்தலைவன், அவர் பொறுப்பாளர்.

ஆடவர் சிலர் வந்து செய்தித்தாள் பார்த்துச் சென்றனர். பெண்டிர் படியேறவில்லை. மாடு வளர்த்துப் பால் ஊற்றிவந்த அஞ்சலை அம்மையாரிடம் தங்கையார் காரணம் வினவினார்.

"கையில சாணி, கால்ல சேறு. உள்ள வந்தா வாத்தியாரு வைவாரு யக்கா. இன்னாத்துக்கு வம்பு?"

மறுநாள் முதல் தங்கையார் ஒயர்க்கூடையில் நூல்களை அடுக்கி, விடியலில் பால் சங்கத்திற்கே கொண்டுசென்றார். பால் அளக்க வரிசையில் நின்ற பெண்டிர், காத்திருக்கும் பொழுதில் படித்தனர். வீட்டிற்கும் எடுத்துச் சென்றனர். நிறைந்து சென்ற கூடை வெறுமையாய் மீண்டது.

ஒரு நாள் கதை நூலொன்று பாற்கறையோடு திரும்பி வந்தது. குழுக் கூட்டத்தில் அதனை உயர்த்திக் காட்டி, "இது நூலா, பால் வடிகட்டும் துணியா?" என்றேன்.

"கறைய நான் தொடச்சிட்றேண்ணா. பீரோல வச்சிப் பூட்டினா பூச்சிதான் படிக்கும்."

உறுப்பினர் நகைத்தனர். அந்நகைப்பு என் சினத்தை மூட்டியது. நேரில் வந்து பதிவேட்டில் கையொப்பமிடுவோர்க்கன்றி நூல் தரலாகாது என விதி வகுத்தேன். தங்கையார் வீடுதோறும் சென்று நூல்களைத் திரும்பப் பெற்றார்.

அதன்பின் பல்லாண்டுகள் அவ்வறையில் அவர் பெரும்பாலும் தனித்தே அமர்ந்திருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஊராட்சியினர் அறையைத் திரும்பக் கேட்டனர். "நோட்டு காலியா கீது. யாரு வர்றாங்க? இந்தம்மா இன்னா பண்ணிகினு இருந்தாங்க?" என்றார் ஒருவர். தங்கையார் என்னை நோக்கினார். என் விதியே காரணம் என்று சொல்ல ஒரு சொல் போதும். நான் பதிவேட்டின் வெற்றுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நூல்கள் மாமல்லபுரக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளியொன்றிற்குச் சென்றன. சாக்குகளின் வாயைத் தங்கையாரே தைத்தார். அதுபற்றி என்னை அவர் ஒருநாளும் கடிந்ததில்லை, கடிந்திருக்கலாம்.

செங்கற்பட்டு மருத்துவமனையில் அவர் கிடந்த இறுதி நாள்களில் அஞ்சலை அம்மையார் நாள்தோறும் கஞ்சி கொணர்ந்தார். தங்கையார் மறைந்த பதினாறாம் நாளன்று என்னிடம் வந்து கேட்டார்: "அந்தப் பால் கொட்டின பொஸ்தகம் நான் எடுத்தாந்ததுதான் சார். பாதி படிச்சிகினு இருந்தேன், யக்கா வந்து வாங்கிகினு போயிடுச்சி. அந்தக் கதைல கோச்சிக்கினு போன பொண்ணு கடைசில வூட்டுக்கு வந்துச்சா?"

அந்நூலை நான் படித்ததில்லை; கறையை மட்டுமே பார்த்தேன்.

மருத்துவர், செவிலியர், அயலார், சிறுசேரியில் பணிபுரிந்தவாறே இம்மலரை அச்சேற்றிய தங்கையாரின் மகன், யாவர்க்கும் மேலாக அஞ்சலை அம்மையார் ஆகியோர்க்கு நன்றியுடையேன்.

நினைவிலிருந்து எழுதியமையால் ஆண்டுகள் பிழைபட்டிருக்கலாம், அறிந்தோர் திருத்துக. பால் வரிசையில் நூல் பெற்றோருள் ஒருவர் பெயரையே யான் அறிவேன். ஏனையோர் பெயர்களைத் தெரிந்தவர்கள் எழுதித் தருக. அக்கதையின் முடிவைப் படித்தவர் எவரேனும் இருப்பின், என்னிடம் வர வேண்டா. அஞ்சலை அம்மையாரிடம் சென்று சொல்லுக.