மாமி குடித்த மீன்சாறு

எங்கள் ஊரில், கடல் வந்த பிறகு முதன்முதலாக மீன் தின்றவள் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. ஓட்டப் போட்டியிலோ பேச்சுப் போட்டியிலோ ஒருநாளும் முதலாவதாக வராத பிள்ளைக்கு இப்படி ஒன்று வாய்த்தால் சும்மா விடுவாளா? அப்போது எனக்கு எட்டு வயது.

சுனாமி என்ற சொல்லைப் பெரியவர்கள் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் எடுத்தன. அதுவரை ‘கடல் வந்துட்டு’ என்பதுதான் பேச்சு. எங்கள் ஊர், கடலில் போய்ச் சேரும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. கடல் எங்களிடம் வரவில்லை. கடல் கொண்டுபோனவர்களில் சிலர்தான் வந்தார்கள். முகத்துவாரத்தால் ஏறிய தண்ணீரோடு வந்து கண்டல் மர வேர்களில் சிக்கிக் கிடந்தவர்களை எங்கள் ஊர் ஆண்கள் மூன்று நாட்களாக எடுத்தார்கள். அதற்கும் மீன்பிடித் தோணியும் வலையும்தான் உதவின. அப்பா மூன்று நாளும் போனார். நான்காம் நாள் வலையை வேலியில் போட்டார். அது அங்கேயே கிடந்து வெயிலில் நிறம் மாறியது.

அதன் பிறகு ஊரில் யாரும் மீன் பிடிக்கவுமில்லை, தின்னவுமில்லை. கூட்டம் கூடித் தீர்மானித்ததல்ல, தானாக நின்றுவிட்டது. காரணத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை என்றாலும் எங்களுக்குத் தெரியாத விசயமா? எங்கேயோ ஓர் ஊரில் மீனை வெட்டியபோது வயிற்றுக்குள் கல்யாண மோதிரம் இருந்ததாம். இந்தக் கதையைச் சொல்லாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. மோதிரத்தைக் கண்ட பிள்ளையும் இல்லை. ஆனால் நிவாரணத்தில் வந்த டின் மீனை மட்டும் ஊரே ருசித்துத் தின்றது. அது தூர தேசத்து மீன், நல்ல மீன். உலகத்துக் கடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று படத்தில் காட்டிய டீச்சரே பகல் சாப்பாட்டுக்கு டின் மீன் குழம்புதான் கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். அப்பாவின் ஒரே தங்கச்சியான என் மாமி அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியவர். மாமாவுக்குக் கடலைக் காணாமல் ஒருநாளும் இருக்க முடியாது. அதனால் சீதனமாகக் கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டு மாமி அவரோடு மாங்கேணிக்குப் போய்விட்டார். இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமானபோது, பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவும் நாலு வயது மகனும் தைப்பொங்கலுக்கு வருவதாக இருந்தது. பொங்கலுக்கு முன்னே கடல் வந்துவிட்டது. பாதை திறந்ததும் அப்பா மாங்கேணிக்குப் போய்த் தேடினார். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்ததாம். இருவரும் கடைசிவரை கிடைக்கவில்லை.

மாசி மாதத்தில் மாமிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, பால் மட்டும் வரவில்லை. மாமி பிள்ளையை மார்பில் போட்டபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை உறிஞ்சிப் பார்க்கும், அழும், களைத்து உறங்கும். நிவாரணப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். அது வயிற்றோட்டத்தில் போய் முடிந்தது. இரண்டு தடவை வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தார்கள். அம்மா முருங்கை இலையும் உள்ளிப்பூண்டுமாக ஆக்கிக் கொடுத்துப் பார்த்தார். மாமி வைத்ததைச் சாப்பிட்டார், ஆனால் அந்தச் சாப்பாடு அவர் உடம்பில் எங்கே போனது என்று தெரியவில்லை.

சைக்கிளில் வரும் மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தார். தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. அம்மாவை முற்றத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். நானும் கூடவே போனேன். என்னைத் துரத்த அன்று யாருக்கும் தோன்றவில்லை.

“சரக்கரைச்சு, ஆத்து மீன் போட்டுச் சாறு வச்சு மூண்டு நேரமும் குடுங்க. இல்லாட்டிப் புள்ள தங்காது,” என்றார் மிஸ்ஸி.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் சாப்பாடு. கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி என்று சரக்கு எல்லாவற்றையும் அம்மியில் பட்டுப் போல அரைத்து, மிளகாய் சேர்க்காமல், சிறு மீனைப் போட்டுத் தண்ணீராகக் காய்ச்சுவார்கள். ஒரு கோப்பை குடித்தால் காது மடல்வரை சூடு ஏறும். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆறு எங்கள் வளவுக்குப் பின்னால்தான் கிடந்தது. மீனுக்குப் பஞ்சமே இல்லை.

அப்பா மாமியிடம் போய் மெல்லச் சொன்னார். மாமி சத்தம் போடவில்லை.

“அவங்க ரெண்டு பேரும் அதுக்குள்ளதானே அண்ணன் இரிக்காங்க,” என்றார்.

அப்பா வெளியே வந்து வேலியில் கிடந்த வலையைப் பார்த்தபடி நின்றார். அன்று இரண்டு நேரம் பிள்ளை அழவேயில்லை. அழாததுதான் அம்மாவைப் பயப்படுத்தியது.

அடுத்த நாள் காலையில் அப்பா குசினிக் கூரையில் செருகியிருந்த வீச்சுவலையை எடுத்தார். அந்த மூன்று நாளும் ஆற்றுக்குப் போகாத வலை அது ஒன்றுதான். ஒரு சாக்கில் சிரட்டைக் கரியும் உப்பும் மஞ்சளும் கட்டிக்கொண்டார். விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்கிலாகப் பார்த்து உருவினார். வேறு நாளென்றால் அதற்கு அம்மா ஒரு பாட்டம் ஏசியிருப்பார். அன்று ஈர்க்கிலைத் தானே வாங்கிக் கழுவிக் கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நான் எதற்கு என்று அப்பா கேட்கவில்லை.

ஆற்றின் நடுவே இருந்த ஒரு மணல்திட்டுக்குத் தோணியில் போனோம். சுட்டால் ஊருக்கு மணக்காத தூரம். அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வீசினார். இரண்டு மாதமாக யாரும் தொடாத ஆறு, அள்ளிக் கொடுத்தது. ஏழெட்டு மணலை மீன், ஒரு சிரட்டை நிறைய இறால். அப்பா தோணிப் பலகையில் வைத்து மீன்களை ஒவ்வொன்றாக வெட்டினார். வயிற்றுக்குள் இருந்ததைக் கத்தி நுனியால் விரித்து விரித்துப் பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் குனிந்து தேடினேன். மோதிரம் கிடைத்தால் எனக்குத் தருவாரா என்பதுதான் என் கவலையெல்லாம். கடைசி மீனிலும் சேற்றைத் தவிர ஒன்றுமில்லை என்றபோது அப்பா பெருமூச்சு விட்டார். நான் ஏமாந்துபோனேன்.

மீனை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, இறாலில் உப்பும் மஞ்சளும் தடவினார். சுருளாமல் இருக்கத் தலையிலிருந்து வால்வரை ஈர்க்கிலை ஏற்றி, ஓர் ஈர்க்கிலுக்கு நாலாகக் கோத்தார். சிரட்டைக் கரியில் வாட்டினார். ஓடு சிவந்து, ஓரம் கருகி, அந்த மணம் எழும்பியபோது எனக்கு வாயெல்லாம் தண்ணீர். இரண்டு மாதமாகப் பருப்பும் டின் மீனும் தின்ற வயிறு அது. அப்பா ஓர் ஈர்க்கிலை எடுத்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார், இறக்கினார். மறுபடியும் கொண்டுபோனார், இறக்கினார். தங்கச்சிக்குக் கொடுக்கப் போவதைத் தன்னால் தின்ன முடிகிறதா என்று பார்க்க வந்த மனிதர். இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கியது? ஆறிப்போகிறதே என்ற பதற்றம்தான் எனக்கு. எட்டி அவர் கையிலிருந்து பறித்துத் தின்றுவிட்டேன். நாலையும் தின்றேன். எங்களுக்கு இறாலும் மீன்தான்.

அப்பா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடி இரிக்கி புள்ள?” என்றார்.

“உப்புக் காணாது,” என்றேன்.

அப்பா சிரித்தார். கடல் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரிப்பு நிற்காமல் நீண்டு, பிறகு வேறொன்றாக மாறி, தோள்கள் குலுங்கின. நான் அடுத்த ஈர்க்கிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அழுது முடித்து அவரும் ஒன்றைத் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

பகல் அம்மா சாறு வைத்தார். சுட்ட இறாலை மறைக்கலாம், சரக்கோடு கொதிக்கிற மீனை மறைக்க முடியுமா? மணம் வேலியைத் தாண்டிப் போய் ஊரைக் கூட்டிவந்தது. நாலைந்து ஆண்கள் படலைக்குள் வந்து நின்றார்கள். எல்லாரும் அப்பாவோடு அந்த மூன்று நாளும் போனவர்கள். அவர்களுடைய முகம் சரியாக இல்லை. அப்பா உள்ளே போய்ப் பிள்ளையைத் துணியோடு தூக்கிவந்து அவர்களுக்கு முன்னால் நீட்டினார். அவர்கள் அந்தக் காலையும் அந்தத் தொடையையும் பார்த்தார்கள். ஒருவர் துணியை இழுத்துப் பிள்ளையின் காலை மூடிவிட்டார். பிறகு வந்த வழியே போய்விட்டார்கள்.

உள்ளே, மாமிக்கு முன்னால் கோப்பை ஆவி பறக்க இருந்தது. மாமி அதைப் பார்க்கவேயில்லை. அம்மா கெஞ்சினார், அப்பா கெஞ்சினார். கோப்பையில் ஆடை படியத் தொடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பெரிய காரியத்தைச் செய்துவிட்டு வந்தவளை யாருமே விசாரிக்கவில்லை என்ற மனக்குறையும் இருந்தது. முன்னால் போய் நின்றேன்.

“நான் திண்டுட்டன் மாமி. ஒண்டும் செய்யல்ல,” என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தார். மாமி கையைக் காட்டி அவரைத் தடுத்தார். பல நாட்களுக்குப் பிறகு சுவரை விட்டு ஒரு மனித முகத்தைப் பார்த்தார். அது என் முகம்.

“வெட்டக்குள்ள நீ பாத்தயா?” என்று கேட்டார்.

“பாத்தன் மாமி. அப்பா எல்லா வயித்தையும் வெட்டிப் பாத்தார், நானும் பாத்தன். ஒண்டுமே இல்ல. வெறும் சேறுதான்.”

மாமி என்னை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. எனக்குக் கால் கடுத்தது. மூலையில் பிள்ளை முனகியது, பூனைக்குட்டியின் சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. மாமி இரண்டு கைகளாலும் கோப்பையைத் தூக்கினார். ஒரே மூச்சில் சாற்றைக் குடித்தார். மீனை எடுத்து, முள்ளை நீக்கி, தலையை உறிஞ்சி, கண்ணைக்கூட விடாமல் தின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களைப் பார்த்தும் நான் அப்படி வாயைப் பிளந்து நின்றதில்லை. வெறும் கோப்பையை மாமி அம்மாவிடம் நீட்டினார்.

“இன்னம் கொஞ்சம் ஊத்துங்க மச்சாள்,” என்றார்.

அன்றிலிருந்து மூன்று நேரமும் அதுதான். அப்பா தினமும் ஆற்றுக்குப் போனார். ஐந்தாம் நாள் பின்னேரம் மாமியின் சட்டை நனைந்தது. அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, முற்றத்துக்குப் போய் வெறும் மண்ணில் இருந்துவிட்டார். பிள்ளையின் தொண்டையில் பால் இறங்கும் சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. சித்திரை வருவதற்குள் மற்ற வீடுகளிலும் மீன் மணக்கத் தொடங்கியது. எல்லாம் என்னால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருசம் கழித்துச் சண்டை எங்கள் பக்கம் வந்து, ஊரோடு எழும்பி ஆற்றைக் கடந்து ஒரு முகாமில் போய் விழுந்தோம். மாமி மகளை இடுப்பிலிருந்து இறக்காமல் அவ்வளவு தூரமும் நடந்தார். அந்தக் கூடாரத்தில்தான் பிள்ளை பால் மறந்தது. ஒருநாள் யாரோ நல்ல மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா சாறு வைத்தார். மாமி தன் பங்கை அப்படியே என் கோப்பையில் ஊற்றிவிட்டு வெறும் சோற்றைத் தின்றார். மாமிக்கு மீன்சாறு என்றால் உயிராயிற்றே என்று நான் எல்லாரும் கேட்கச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் நீலமாக இருந்தது. பால் மறந்த பிறகு இன்றுவரை மாமி மீன் தின்றதில்லை.

நான் அப்படிச் சொன்னதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்த அந்தக் காலத்தில், சாறு குடித்து முடித்ததும் மாமி கையால் வாயை இறுகப் பொத்திக்கொள்வார். கண்ணை மூடி, அசையாமல், அரைமணி நேரம் அப்படியே இருப்பார். ருசியை வெளியே விட மனமில்லாமல் பொத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். எத்தனை ருசியாக இருந்தால் ஒருவர் இப்படி இருப்பார் என்று எனக்கு ஒரே வியப்பு. நானும் என் பங்கைத் தின்றுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் அதே மாதிரிச் சம்மணம் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். யார் அதிக நேரம் வைத்திருப்பது என்று எனக்குள் ஒரு போட்டி. ஒவ்வொரு நாளும் நான்தான் முதலில் கையை எடுத்தேன்.