ஏச்சு வாங்கிய எச்சரிக்கை

பரீதா மறைந்த செய்தியை, மண்சரிவு எச்சரிக்கைக்காக அவரே தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகள் குரற்பதிவாகப் போட்டார். பதில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவரும் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, "கேட்டேன்" என்றார்கள். அழுதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அது பரீதா ஏற்படுத்திய வழக்கம். வெளிநாட்டு உதவியில் மாத்தளையில் நடந்த திட்டமொன்றின் கள உத்தியோகத்தர் அவர். மலையடிவாரக் குடும்பங்களுக்கு எச்சரிக்கைகளைத் தமிழில் பேசி அனுப்புவார். இணையவழிக் கூட்டமொன்றில், அனுப்பியவை எல்லாம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் காட்டினார்கள். "போனுக்குப் போயிருச்சு. ஆளுக்குப் போச்சா?" என்று, பத்திரிகைக்குச் செய்தி எழுத வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் முணுமுணுத்தவர், அதையே ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார். பதில் வாங்கத் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். அந்தக் கிழமையே குழுவைத் தொடங்கிவிட்டார்.

பதில்களில் சிரிப்புக்கும் குறைவில்லை. ஆட்டோ ஓட்டும் செல்லையா, "கேட்டேங்க்கா. வீட்டுக்காரி ஏசுறதையும் சேத்துக் கேட்டேன்" என்பார்.

யட்டவத்தப் பக்கம் மழை விடாமல் பெய்த ஒரு பகலில் பரீதாவின் அலுவலகத்தில் இருந்தேன். எல்லோரையும் பாதுகாப்புக்காகப் பாடசாலைக்குப் போகச் சொல்லிக் குழுவில் பேசி அனுப்பியிருந்தார். சரிவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் தனியாக இருந்த முனியம்மாவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. ஆனால் அவருடைய எண்ணில் செய்தியைக் கேட்டதற்கான நீலக் குறி இருந்தது.

"அப்ப கேட்டிருப்பாங்க" என்றேன்.

பரீதா அந்த எண்ணுக்கு அழைத்தார். எடுத்தது முனியம்மாவின் மகன் ரவி. தன் போன் பழுதானதால், வீட்டுப் போனைச் சீகிரியாவுக்கு ஹோட்டல் வேலைக்குக் கொண்டுபோயிருந்தான்.

"கேட்டேங்க்கா. நான் இங்கதானே இருக்கேன், எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"ஒனக்கு இல்லடா! அங்க ஒங்கம்மா இருக்காங்கல்ல?"

பரீதா அழைத்துச் சொன்னதும், அதே தோட்டத்துச் செல்லையா ஓடிப்போய் முனியம்மாவைப் பாடசாலைக்கு அழைத்துப்போனார்.

அன்று சரிவில் ஒரு பிடி மண்கூட விழவில்லை. மறுநாள் பரீதாவைக் கண்டதும் முனியம்மா பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஒண்ணுமே விழல. சோத்த அடுப்புல விட்டுட்டு நனைஞ்சுக்கிட்டு ஓடியாந்தேன்!"

"ஏசுங்கம்மா. நீங்க ஏசுறதக் கேக்கத்தானே இவ்வளவு பாடும்."

பதில் சொல்லாதவரைத் தேடும் பழக்கம் பரீதாவிடமிருந்து எனக்கு வந்தது. குழுவை இப்போது சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். போன கிழமை மழையில் பல்லேகமவில் ஒருவர் பதில் தரவில்லை. பத்திரிகைக்குப் பாதி எழுதிய செய்தியை விட்டுவிட்டு, அவர் எடுக்கும்வரை அழைத்தேன். மத்தியானத் தூக்கம் கெட்டதென்று ஏசிக்கொண்டே வீட்டைப் பூட்டிக் கிளம்பினார். பாடசாலைக்குப் போய்ச் சேரும்வரை ஏசினார். நான் போனை வைக்கவில்லை.