பூஜ்ஜியத்துக்கு ஒரு சொல்

என் முதுகலைப் பொறியியல் ஆய்வு ஒரு சட்டையைப் பற்றியது. கட்டுமானத் தளத்தில் போடும் பாதுகாப்புச் சட்டையின் முதுகில் பேட்டரியில் ஓடும் இரண்டு சிறு மின்விசிறிகளைத் தைத்தேன். நானே தைத்ததால் ஒன்று சற்றுக் கீழே இருந்தது. அதைப் போட்டால் சூடு குறைகிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னொரு செமஸ்டர். நானோ ஒரு வேலைக்குச் சேரும் தேதியை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைப் பக்கத்துத் திடலுக்குப் போனேன். ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் அண்ணன்மார் அங்கே கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு பேர் சம்மதித்தார்கள். விசிறி ஓடாமல் ஒரு முறை, மெதுவாக ஓடவிட்டு ஒரு முறை, வேகமாக ஒரு முறை. ஒவ்வொரு முறையும் படிவத்தில் ஏழு கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். ஒரு முனையில் 'மிகவும் குளிர்', மறுமுனையில் 'மிகவும் சூடு', நடுவில் பூஜ்ஜியம். படிவத்தைத் தமிழாக்கியது நான்தான், பத்து நிமிடத்தில். பள்ளியில் தமிழில் எப்போதும் நல்ல மதிப்பெண்.

அறுபத்தாறு டிக்கும் பூஜ்ஜியத்தில் விழுந்தன.

என் பேராசிரியர் சீனர், நிதானமானவர். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அது ஒரு நேர்கோடு. பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"உன் விசிறி வேலை செய்யலை. இல்லைன்னா இவங்க யாருக்கும் உயிர் இல்லை லா," என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொன்னார். "நடுக் கட்டத்துல என்ன எழுதியிருக்கே?"

படித்துக் காட்டினேன். 'பரவாயில்லை.'

அர்த்தம் கேட்டார். சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. காலை மிதித்தவரிடம் சொல்வதும், சுமாரான பிரியாணியைப் பற்றிச் சொல்வதும், காய்ச்சல் பாதி விட்டதும் சொல்வதும் அதே சொல்.

அடுத்த ஞாயிறு, வெல்டராக இருக்கும் ஓர் அண்ணனிடம் படிவத்தை நீட்டினேன்.

"அண்ணே, விசிறியே ஓடலை, வெயில் மண்டையைப் பொளக்குது. அதுக்கும் பரவாயில்லைன்னு போட்டிருக்கீங்க?"

"இந்த வெயிலு பரவாயில்லதானேம்மா. கப்பலுக்குள்ள இறங்கி வெல்டிங் வச்சுப் பாரு."

"விசிறி ஓடினப்போ?"

"அதுவும் பரவாயில்ல. நீ கஷ்டப்பட்டுத் தச்சு எடுத்துட்டு வந்து, எங்க மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிற. நல்லா இல்லன்னு எப்படிம்மா போடுறது?"

பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "இவன் பொண்டாட்டி சமையலுக்கே பரவாயில்லன்னுதான் சொல்வான். அதான் அவ இவன் போனையே எடுக்கிறதில்ல."

நடுக் கட்டத்தை 'சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை' என்று மாற்றினேன். அந்த நான்கு சொற்களுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற மூன்று வாரம் ஆனது. அறிக்கை கொடுப்பதற்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அன்று காலை மழை. மதியம் வெயில் வந்த பிறகு பதினான்கு பேர் வந்தார்கள். அவர்கள் டிக் போடும்போது நான் திரும்பி நின்றுகொண்டேன்.

விசிறி ஓடாதபோது வெல்டர் அண்ணன் 'மிகவும் சூடு' போட்டார். மெதுவாக ஓடியபோது இரண்டு கட்டம் இறங்கினார். வேகமாக ஓடியபோது மறுபடியும் ஏறிவிட்டார். மற்றவர்களில் பலரும் அப்படியே.

"வேகமா விட்டா பேட்டரி முதுகச் சுடுதும்மா," என்றார். "மொத நாளே தெரியும்."

அறிக்கையில் அது 'உயர் வேகத்தில் மின்கல வெப்பம்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் வந்தது. வரைபடத்தில் கோடு வளைந்திருந்தது. பேராசிரியர் இம்முறை சீக்கிரமே பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒப்புக்கொண்ட தேதியில் வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகத்தில் ஏசி குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.