கோடாலி சேவியரும் எங்கள் பால் வாளிகளும்

சேவியர் இறந்துபோன செய்தி, நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே உள்ள மளிகைக் கடைத் தொலைபேசியில் வந்தது. கடைக்காரர் படிக்கட்டின் அடியில் நின்று என் பெயரைக் கூப்பிட்டார். காலையில் பசியாறும் நேரத்தில் போன் போட்டு யாரும் நல்ல சேதி சொல்வதில்லை என்பது என் அனுபவம். பேசியவர் எங்கள் பழைய கிராணியார். தோட்டத்து ஆபீஸ் வேலையையும் கால்பந்துக் குழுவின் தலைமையையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டவர். செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே சேவியருக்கு நெஞ்சு அடைத்துவிட்டதாம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "அம்மாகிட்ட பாத்துச் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிராணியார் போனை வைத்தார்.

பாத்துச் சொல்வது எப்படி என்று தெரியாமல் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம். தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். சூளையைப் பற்றி, வெயிலைப் பற்றி, சேவியர் பார்க்கும் வேலையின் கஷ்டத்தைப் பற்றி என்று நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்தார். பிறகு, "என் வாளி எங்கடா?" என்று கேட்டார்.

ஏழாங்கட்டைத் திடலில் நின்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவிலிருந்து ஏழாவது மைலில் இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. சாயங்கால ஆட்டத்துக்கு வரும் பெண்கள், ரப்பர் பால் ஊற்றிக் கழுவிய தகர வாளியைக் கையோடு கொண்டுவருவார்கள். அதுதான் எங்கள் மேளம். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் தனி அடி உண்டு. அவன் காலுக்குப் பந்து வந்தால் அவனுடைய அடி கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். என் அடியைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. மெதுவாகத் தொடங்கி, நான் ஓட ஓட வேகம் பிடித்து, கோல் பக்கம் போனதும் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில்தான் நான் உதைக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அந்த அடி நின்றுபோனது. கமுந்திங் தொழிற்பேட்டை அணியோடு ஆட்டம். நல்ல மழை. கோலுக்கு எதிரே சேற்றில் பந்து சிக்கி நின்றது. நான் இடது காலை ஊன்றி வலது காலால் உதைக்கப் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் சறுக்கி வந்தார். அவர்தான் சேவியர். என் இடது கால் முறிந்த சத்தம் திடலுக்கு வெளியே கேட்டதாக இன்றும் சொல்லுகிறார்கள். எனக்குக் கேட்கவில்லை, நான் மயங்கிவிட்டேன். அன்றைக்கே அவருக்குக் 'கோடாலி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. கால் கூடியது, ஆனால் ஓட்டம் போய்விட்டது. ஆட்டக்காரனாக இருந்தவனை அணியின் மேனேஜர் ஆக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆடுகிறவனுக்காவது ஓட வேலை இருக்கிறது. பெஞ்சில் இருக்கிறவனுக்குக் கவலைப்படுவது மட்டும்தான் வேலை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேவியருக்குக் கமுந்திங்கில் வேலை போனது. ஈப்போ பக்கம் செங்கல் சூளையில் லாரி ஓட்ட வந்தார். எங்கள் அணியிலோ தடுப்பாட்டத்துக்கு ஆள் இல்லை. கிராணியார் அவரைக் கேட்டிருக்கிறார். சேவியர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி ரோசலினை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். ரோசலின் மாசமாக இருந்தார். உள்ளே வரும்படி அம்மா சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அம்மா வீட்டு வாசலில் மாசமான பெண் தண்ணீர் குடிக்காமல் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

"மச்சான், நீங்க சரின்னா ஆடுறேன். இல்லன்னா லாரி மட்டும் ஓட்டிக்கிறேன்லா" என்றார் சேவியர்.

நான் சரி என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த ஆட்டம் நெருங்கிவிட்டது, பின்னால் நிற்க ஆளில்லை, அந்தப் பயம்தான். அம்மா என்னோடு பல நாள் பேசவில்லை.

அவர் ஆட இறங்கிய முதல் நாள், பந்து அவர் காலுக்கு வந்ததும் பெண்கள் எல்லாரும் வாளிகளைப் புல்லில் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் பந்தைத் தள்ளிவிட்ட பிறகுதான் எழுந்தார்கள். ஆட்டம் முழுக்க இதேதான். ரோசலின் திடலின் ஓரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அந்தக் குடையைப் பார்த்ததுதான் அதிகம். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ, அந்தப் பெண் அழுதுவிடுவாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

"திட்டினாக்கூட பரவால்ல மச்சான். சும்மா இருக்காங்க பாருங்க, அதுதான் காது வலிக்குது" என்றார் சேவியர்.

அவர்களைச் சமாதானப்படுத்த அவரே ஒரு காரியம் செய்தார். அம்மாவின் வாளி நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஈப்போ கடையிலிருந்து புது வாளி ஒன்று வாங்கி வந்தார். நீல நிறம், பளபளப்பான பிளாஸ்டிக். சேவியர் தோட்டத்தில் வளர்ந்தவர் இல்லை. வாளி என்றால் வாளிதானே என்று நினைத்துவிட்டார். அம்மா அதைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லயம் முழுக்கப் பேச்சு பரவியது: சத்தம் வராத வாளியைக் கொடுத்து நம் வாயைக் கட்டப் பார்க்கிறான் என்று. பாவம், அந்த மனிதர் சூளை முதலாளி தவுக்கேயிடம் திட்டு வாங்கிக்கொண்டு லாரியை வழியில் நிறுத்தி வாங்கிய வாளி அது.

அந்த வருடக் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது கமுந்திங் அணி. அது தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோடாலி ஆட்டத்தை விற்றுவிடுவான் என்று சாராயக் கடையில் பேசிக்கொண்டார்கள். தோற்றால் அவன் நடந்து வீட்டுக்குப் போக மாட்டான் என்று சில இளவட்டங்கள் என் காதுபடவே சொன்னார்கள். ஒருநாள் அவருடைய லாரியின் சக்கரங்களில் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். நான் சூளைக்கே போய், லாரியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள், வர வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"வரலன்னா காசு வாங்கிட்டு ஒதுங்கிட்டான்னு சொல்லுவாங்க. வந்து தோத்தா வித்துட்டான்னு சொல்லுவாங்க. எப்படியும் சொல்லத்தான் போறாங்க. வாரேன் மச்சான்" என்றார்.

அத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன். அன்றைக்கு வேண்டுமென்றே செய்தீர்களா என்று. அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "பந்த மட்டும்தான் பாத்தேன். கால பாக்கல. அதான் நான் செஞ்ச தப்பு." நான் கதவைத் திறந்து லாரியிலிருந்து இறங்கினேன்.

ஆட்டத்தன்று மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு ஒரு கோல் கிடைத்திருந்தது, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. முடியும் நேரம் நெருங்க நெருங்க, நான் பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் தாண்டிவிட்டால் போதும், சேவியர் பிழைத்துக்கொள்வார். அப்போது கமுந்திங்கின் முன்னாட்டக்காரன் ஒருவன் பந்தோடு எல்லாரையும் தாண்டி வந்துவிட்டான். கோலுக்கு எதிரே சேற்றில் பந்து நின்றது. அவன் இடது காலை ஊன்றினான். பக்கத்திலிருந்து சேவியர் சறுக்கி வந்தார்.

நான் நின்ற அதே நிலை அது. முறிந்து கூடிய என் இடது கால் அந்த நேரத்தில் வலித்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

சறுக்கிக்கொண்டிருந்த சேவியர் தன் காலை மடக்கி இழுத்துக்கொண்டார். இழுத்த வேகத்தில் உடம்பு புரண்டு, முகம் சேற்றில் மோதி விழுந்தார். அந்தப் பையன் எந்த இடைஞ்சலும் இல்லாமல் பந்தைக் கோலுக்குள் தள்ளினான்.

திடல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருவன், "வித்துட்டான்" என்றான். இளவட்டங்கள் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார்கள். சேவியர் எழுந்திருக்காமல் முழங்காலிட்டிருந்தார். ரோசலின் குடையை விட்டுவிட்டு எழுந்து நின்றார். நான் நொண்டிக்கொண்டு ஓடினேன், ஆனால் அவர்களை முந்த என்னால் முடியாது என்று எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் வாளிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வாளி. மெதுவாகத் தொடங்கியது, பிறகு வேகம் பிடித்தது. அது என்னுடைய அடி. கால் முறிந்த நாளிலிருந்து யாருமே அடிக்காத அடி. திரும்பிப் பார்த்தால், அம்மா திடலைச் சுற்றி நடந்து ரோசலினிடம் போய், அவரைக் கைப்பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, மடியில் வாளியைக் கவிழ்த்து மழையில் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போன பையன்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சேர்ந்துகொண்டாள், பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் எல்லா வாளிகளும் அந்த அடியைத்தான் அடித்தன. சேவியர் எழுந்து நின்று, யாருக்கு அடிக்கிறார்கள் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். உங்களுக்குத்தான் என்று கையைக் காட்டினேன்.

அந்த ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றோம். விற்றுவிட்டான் என்று அதன் பிறகு ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், என் அடியை ஏன் அவருக்கு அடித்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவன் கால இழுத்துக்கிட்டான்டா, நீ பாக்கல? உன் அடி சும்மாதான கெடந்துச்சு. குடுத்துட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஆனால் அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை சேவியர் எங்களுக்காக ஆடினார். 'கோடாலி' என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவர் வாங்கித் தந்த நீல வாளி இன்றும் எங்கள் குளியலறையில் இருக்கிறது. அதில் வேறு யாரும் தண்ணீர் மொள்ள அம்மா விடமாட்டார்.

அடக்கத்தன்று எனக்கு மறுபடியும் கவலை. கல்லறைத் தோட்டத்துக்குள் தகர வாளியோடு அம்மா வந்தால் பாதிரியார் என்ன நினைப்பாரோ, ரோசலின் மனம் சங்கடப்படுமோ என்று. ஜெபம் முடிந்ததும் ரோசலினே அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா அடித்தார். மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, சட்டென்று நிறுத்தினார். கமுந்திங்கிலிருந்து வந்தவர்களும் எங்கள் ஆட்களும் அந்த நிசப்தத்தில் ஒன்றாக நின்றோம்.

சேவியர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது என் இடது கால்தான். மழை வந்தால் அதில் வலி எடுக்கும். மழை நாளில் சூளையில் கல் ஏற்றமாட்டார்கள் என்பதால், லாரியை எங்கள் அடுக்குமாடியின் கீழே நிறுத்தி ஹாரன் அடிப்பார். நான் சன்னலைத் திறந்தால், கழுத்தை வெளியே நீட்டி, "கால் எப்படி மச்சான்?" என்பார். "வலிக்கல மச்சான்" என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்லி அனுப்புவேன். அப்போதுதான் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

இதை எழுதும்போது ஈப்போவில் நல்ல மழை. சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். வலிக்குது மச்சான்.